பொத்தான் போடாத கற்குவியல்

தொல்லியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நான் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம். மூன்று நாளாக எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். ஜன்னலுக்கு வெளியே ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஓடுகின்றன. மின்விசிறியைப் போட்டால் காகிதம் பறக்கிறது, நிறுத்தினால் வியர்க்கிறது. முன்பெல்லாம் காகிதத்தின் மேல் பாரமாக ஒரு கல் இருக்கும். முப்பத்தேழு வருஷம் அந்தக் கல் என் மேசையில் கிடந்தது. இப்போது இல்லை. அது ஏன் இல்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன். வேறு எதைச் சொல்ல நினைத்தாலும் மனசு அங்கேயே போய் நிற்கிறது.

கேட்டவர்கள் எதிர்பார்த்தது இது இல்லை என்று எனக்குத் தெரியும். வெயிலில் நடந்தோம், ஜீப் பழுதானது, கடைசியில் அற்புதமான கைக்கோடரி ஒன்று கிடைத்தது, மேலதிகாரி முதுகில் தட்டினார் என்று எழுதினால் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் அப்படி நாலைந்து நடந்திருக்கிறது. அவற்றை என்னை நேரில் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள், டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உறவுக்காரர்கள் உங்களைக் கேட்டிருப்பார்கள்: "இந்தக் கல்லை யார் செஞ்சது, நியாண்டர்தாலா, நம்ம ஆளா?" கேட்கிறவர்களுக்கு ஒரு முகம் வேண்டும். நம்மிடம் முகம் கிடையாது. ஒரு கல்லைச் சுற்றிலும் முதலிலேயே செதுக்கித் தயார்செய்து வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே அடியில், நினைத்த வடிவத்தில் ஒரு பெரிய சில்லைக் கழற்றி எடுக்கும் முறை உண்டே, அதை மேற்காசியக் குகைகளில், அழிந்துபோன இன்னொரு மனித இனமான நியாண்டர்தால்களும் செய்திருக்கிறார்கள், நம்மைப் போன்ற ஆதி மனிதர்களும் செய்திருக்கிறார்கள். கல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இது இன்னார் வேலை என்று சொல்ல முடியாது. நம் நாட்டில் அந்த முறையில் செய்த கல் ஏராளமாகக் கிடைக்கிறது. நியாண்டர்தால் எலும்பு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. நம் துறை லேபிளில் 'செய்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். எந்தப் புண்ணியவான் எதற்காக அதை அச்சடித்தாரோ தெரியாது. எல்லோரும் அதில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். என் பணிக்காலம் முழுவதும் நானும் கோடுதான் போட்டேன்.

நீங்களும் சீக்கிரமே கல் உடைக்கப் பழகுவீர்கள். எங்கே அடித்தால் எப்படிப் பிளக்கும் என்பது கைக்குத் தெரிந்தால்தான், அந்தக் காலத்து ஆள் எங்கே யோசித்தான், எங்கே சறுக்கினான் என்பது கண்ணுக்குத் தெரியும். நான் அதில் பைத்தியமாக இருந்தேன். நல்ல கல்லைக் கண்டால் கை அரிக்கும். கல்யாணமான புதிதில் விரலில் கட்டு இல்லாமல் நான் இருந்த நாள் குறைவு என்று என் மனைவி சுசீலா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நாம் உடைத்துப் போட்ட சில்லுக்கும் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உடைத்த சில்லுக்கும் வடிவத்தில் வித்தியாசம் கிடையாது. மேல்தோல்தான் புதிதாக இருக்கும், அதையும் மண் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்துவிடும். அதனால் எங்கள் காலத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். உடைத்து முடித்ததும் சில்லுகளை ஒன்றாகக் கூட்டி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பொத்தானைப் போட்டுவிட வேண்டும். பின்னால் தோண்டுகிறவன் பொத்தானைப் பார்த்ததும் இது நேற்றைய ஆள் வேலை என்று விட்டுவிடுவான்.

பொத்தான் சப்ளை செய்தவர் எங்கள் துறையில் கற்கருவிகளைப் படமாக வரைந்துகொண்டிருந்தவர். பெயர் வேண்டாம், அவரே தன் பெயரைப் படத்தின் மூலையில்கூடப் போட்டதில்லை. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அவர் வீட்டில் துணி தைப்பார்கள். மாதம் ஒருமுறை ஒரு கை நிறையக் கலர் கலராகப் பொத்தான் கொண்டுவந்து என் மேசையில் கொட்டுவார். நான் முகாமிலிருந்து திரும்பினால் சௌக்கியமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கமாட்டார்.

"பொத்தான் போட்டியா?" அதுதான் முதல் கேள்வி.

"போட்டேன்ப்பா."

"மறந்திருந்தா சொல்லிடு, பரவால்ல. நீ உடைச்சத நான் ஒருநாள் ஆதிமனுஷன் கல்லுன்னு கோடு கோடா வரைஞ்சிட்டிருந்தேன்னு வை, அப்புறம் உன்ன சும்மா விடமாட்டேன்."

நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்கு முன்னால், மாநில எல்லையில் பாலாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் ஓர் ஓடைக்கரையில் கணக்கெடுப்பு வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஜீப்புக்காகக் காத்திருந்தோம். ஓடையில் ஒரு உருளைக்கல் கிடைத்தது. செம்பழுப்பு நிறம், பழுதே இல்லை, தட்டினால் மணி மாதிரி ஒலித்தது. உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்னேனே, தயார்செய்து ஒரே அடியில் எடுக்கும் முறை, அது அதுவரை எனக்கு ஒழுங்காக வந்ததில்லை. அன்றைக்குக் கை சொன்னபடி கேட்டது. சுற்றிலும் செதுக்கினேன். முதுகைச் சீராக்கினேன். கடைசி அடிக்கு இடம் தயார்செய்யும்போது வழக்கம்போல ஒன்று தப்பியது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், பெரிய அடிக்கு முன்னால் தைரியம் போதாமல் பாதி வேகத்தில் இரண்டு தரம் தட்டிவிடுவேன். கல்லில் பிறை வடிவத்தில் இரண்டு விரிசல் பக்கத்தில் பக்கத்தில் விழுந்துவிடும். அன்றைக்கும் விழுந்தது. மூன்றாவது அடி சரியாக இறங்கியது. வெற்றிலை போல ஒரு சில்லு முழுசாகக் கழன்று மடியில் விழுந்தது.

அந்தச் சந்தோஷத்தை நான் இரண்டு மூச்சுகூட அனுபவிக்கவில்லை. செக்போஸ்ட்டிலிருந்து கூட வந்திருந்த காவலர் கத்தினார்: "ஆனெ பந்திதெ! ஓடி சார், ஓடி!" எதிர்க்கரையில் மூங்கில் சாய்ந்தது தெரிந்தது. யானை. அப்புறம் எதையும் பார்க்கவில்லை. எழுந்து ஓடினேன், செருப்பு ஒன்று போயிற்று. ஜீப்பில் ஏறி மூச்சு வாங்கும்போதுதான் இடது கையில் இன்னும் கல்லைப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது. சில்லுகளெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சும் நடுக்கட்டை, கருக்கல் என்கிறோமே, அது. வேண்டிய சில்லு கரையில் கிடந்தது, வேண்டாத மிச்சம் கையில் இருந்தது. பொத்தான் சட்டைப்பையில் இருந்தது.

நாளைக்கு வந்து போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் வேறு பக்கம் வேலை. அதற்கு மறுநாள் மைசூர் திரும்பிவிட்டோம். பிறகு பல ஆண்டுகள் அந்தக் காட்டுக்குள் நம் ஆட்கள் யாரும் போகவில்லை, காடு சந்தனக்கட்டைக் கடத்தல்காரன் கையில் இருந்த காலம் அது. அலுவலகத்தில் நுழைந்ததும் படம் வரைபவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பொத்தான் போட்டியா?"

"போட்டேன்."

யானைக்குப் பயந்து செருப்பை விட்டுவிட்டு ஓடினேன் என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான் காரணம். அவர் இப்போது உயிரோடு இல்லை.

கருக்கல்லைக் கழுவி மேசையில் வைத்துக்கொண்டேன். முதல்முறை கை கேட்டதற்கு அடையாளம் என்று ஒரு பெருமை. மேசை மாறியது, வீடு மாறியது, ஓய்வும் பெற்றேன், கல் கூடவே வந்தது.

இனி ஜெசிந்தா. உங்களுக்கு மூத்த சகாவாக இப்போது துறையில் இருப்பவள், இதை அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். மார்டள்ளிக்காரி, காட்டோரத்தில் தமிழ் பேசுகிற ஊர். காட்டையும் ஓடையையும் சின்ன வயதிலிருந்து பார்த்தவள், அதனால் நமக்கெல்லாம் கண்ணில் படாதது அவளுக்குப் படும். அப்போது அவள் ஒப்பந்த வேலையில் இருந்தாள். அந்த வருஷத்துக்குள் ஒரு நல்ல கட்டுரை வெளிவந்தால்தான் வேலை நீடிக்கும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான் என்ற நிலைமை. ஒருநாள் போன் செய்தாள்.

"சார், ஒரு சாமான் காட்டோணும். போட்டோல பாத்தா வெளங்காதுங்க. நேர்ல வாங்க."

போனேன். மேசைமேல் மணல் நிரப்பிய டிரே. அதில் பதினான்கு சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்தி நிறுத்தியிருந்தாள். எட்டு மாதம் உட்கார்ந்து பொருத்தியிருக்கிறாள். உடைந்த தேங்காய் மூடிகளை மறுபடி சேர்த்து வைத்த மாதிரி, வெளிப்பக்கம் முழு உருளைக்கல்லாகத் தெரிந்தது, நடுவில் வெற்றிடம்.

"எல்லாம் ஒரே எடத்துல கெடந்துச்சுங்க சார். ஓடக்கரையில ரெண்டு சாண் வண்டலுக்குள்ள. வெளிம்பு பாருங்க, கை வெச்சா அறுக்குது. தண்ணி அடிச்சுட்டு வந்ததில்ல. உக்காந்து செஞ்ச எடமேதானுங்க!" கன்னடத்தில் பேசும்போது நிதானமாகப் பேசுகிறவள், தமிழுக்கு மாறினால் வேகம் பிடித்துவிடுவாள். "நடுவுல இருந்த கருக்கல்லு மட்டும் இல்லீங்க. சல்லட போட்டு சலிச்சாச்சு, இல்லவே இல்ல. கொண்டு போயிட்டான் சார் அவன்! நாளைக்கு வேணும்னு எடுத்துட்டுப் போயிருக்கான். மறுநாளப் பத்தி யோசிக்கற மூளை சார் அது."

அவள் பேசப்பேச நான் வெற்றிலைபோல இருந்த பெரிய சில்லைக் கையில் எடுத்தேன். அடிபட்ட விளிம்பைப் பார்த்தேன். இரண்டு பிறை, பக்கத்தில் பக்கத்தில்.

சில்லை டிரேயில் திரும்ப வைத்தேன். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், மூங்கில் புதருக்கு எதிர்க்கரை என்றாள். மண்ணின் வயது? மாதிரி அனுப்பியிருக்கிறாளாம், முடிவு வர மாதக்கணக்கில் ஆகுமாம், அதுவரை பொறுக்க முடியாது, கட்டுரை இரண்டு வாரத்துக்குள் போயாக வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் சில்லுகளை நேரில் பார்த்துச் சரிதான் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் கூடவே வைத்து அனுப்புவாளாம்.

"கடிதம் நீங்கதான் தரோணும் சார்."

"நல்லா இருக்கும்மா" என்றேன். டீயை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த பத்து நாள் நான் இருந்த இருப்பை உங்களுக்கு எப்படிச் சொல்வது? உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. உலகத்தில் நான் ஒருவன்தான் அடிக்குமுன் தயங்குகிறவனா? நியாண்டர்தாலுக்குத் தயக்கம் இருந்திருக்காதா? பிறை விரிசல் யார் கல்லிலும் விழுமே? இப்படிக் காலையில் எனக்கு நானே வக்கீலாகப் பேசுவேன், மாலையில் தீர்ப்பு எனக்கு எதிராக வந்துவிடும். ஒரு நிமிஷ வேலைதான் எல்லாவற்றையும் முடித்துவைக்கும். மேசைமேல் இருக்கும் கருக்கல்லைக் கொண்டுபோய் அந்த வெற்றிடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பொருந்தாவிட்டால் நிம்மதி. பொருந்திவிடும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் போகவில்லை.

போகாமலும் இல்லை. மூன்று தடவை பஸ் ஏறினேன். ஒருமுறை பாதியில் இறங்கிவிட்டேன். ஒருமுறை துறையின் வாசல்வரை போய், நூலகத்துக்கு வந்தவன் மாதிரி ஒரு பழைய அறிக்கையைப் புரட்டிவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது முறை ஜெசிந்தாவே எதிரில் வந்துவிட்டாள். "கடிதம் ஆச்சுங்களா சார்?" என்றாள். "எழுதிட்டிருக்கேன், இன்னும் ரெண்டு நாள்" என்றேன். அவள் நம்பினாள். நம்பியதுதான் கஷ்டமாக இருந்தது.

கடிதத்தை நான் எழுதவும் செய்தேன். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், உங்களுக்கும் இந்தச் சோதனை வரும். உண்மையும் சொல்லாமல் பொய்யும் சொல்லாமல் எழுத நம் தொழிலில் ஒரு வாக்கியம் இருக்கிறது: 'மேலும் ஆய்வு தேவை.' என்ன சுகமான வாக்கியம்! அதற்குக் கீழே யார் வேண்டுமானாலும் படுத்துத் தூங்கலாம். அதை எழுதினேன். கையெழுத்துப் போடப் போனேன். கட்டுரை வெளிவரும், அவளுக்கு வேலை நிலைக்கும். பிறகு ஒருநாள் மண்ணின் வயது வரும், நாற்பது வருஷம்கூட ஆகாத வண்டல் என்று. அன்றைக்கு உலகம் முழுக்கச் சிரிக்கும், என்னைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து. நான் அப்போது இருப்பேனோ மாட்டேனோ, கருக்கல்லை யாராவது தூக்கித் தோட்டத்தில் போட்டிருப்பார்கள். எப்படி நடந்தது என்று சொல்ல ஒரு ஆள் இருக்கமாட்டான். கடிதத்தைக் கிழித்தேன். மறுநாள் அதே வாக்கியத்தை வேறு மாதிரி எழுதினேன். அதையும் கிழித்தேன்.

"ஏங்க, ஊட்டா ஆறிப்போகுது. எத்தன தடவ கூப்பிடறது?" சுசீலா அறை வாசலில் வந்து நின்றாள். "பத்து நாளா ஒரு எடத்துல நிக்கறதில்ல. டாக்டர்கிட்ட போலாமா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தன காகிதம் கிழிக்கறீங்க?" குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

அன்றைக்குக் காலையில் ஜெசிந்தா தன் கட்டுரையின் முழு நகலை அனுப்பியிருந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து அதைப் படிக்க உட்கார்ந்தேன். கல்தொழில் பற்றித் தனக்குப் புரியவைத்தவர்களுக்கு நன்றி என்று ஆரம்பித்திருந்தாள், முதல் பெயர் என்னுடையது. பக்கத்தைத் திருப்பினேன். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது, பழக்கதோஷத்தில் கல்லை எடுத்து மேலே வைத்தேன். கல்லுக்குப் பக்கத்தில் தெரிந்த வரி இது: இதைச் செய்தவர் கருக்கல்லைத் தம்மோடு எடுத்துச் சென்றிருக்கிறார், அவருக்கு எதிர்காலம் பற்றிய சிந்தனை இருந்தது.

அந்த வரியின் மேலேயே அந்தக் கல் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடி அழுகை வந்தது. கல்லை ஒரு துண்டில் சுற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கே போகிறீர்கள் என்று சுசீலா கேட்டதற்குப் பதில் சொன்னேனா என்று நினைவில்லை. பஸ்ஸில் நிற்க இடம் இருந்தது, உட்காரவும் இடம் இருந்தது, நான் நின்றுகொண்டே போனேன். இறங்கிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகம்.

ஜெசிந்தா டிரேயின் முன்னால்தான் இருந்தாள். "கடிதமுங்களா சார்?" என்று எழுந்தாள்.

"உக்காரும்மா. அந்தப் பெரிய சில்லக் கொடு."

துண்டைப் பிரித்தேன். கருக்கல்லின் முகத்தில் பெரிய சில்லை வைத்தேன். லேசாகத் திருப்பியதும் தானாக இறங்கி உட்கார்ந்தது. டப்பாவுக்கு மூடி போட்டால் வருமே, அந்தச் சின்னச் சத்தம். பிறகு டிரேயில் வெற்றிடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இனி நான் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அவளே கையை நீட்டி வாங்கி உள்ளே வைத்தாள், எட்டு மாதம் பொருத்திய கை. சுற்றியிருந்த சில்லுகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் ஒட்டிக்கொண்டன. முழுக்கல் ஆகிவிட்டது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உருளைக்கல், மூங்கில், காவலர், செருப்பு, பொத்தான், படம் வரைபவரிடம் சொன்ன பொய் எல்லாம். "நாளைக்கு வேணும்னு எடுத்துட்டுப் போகலம்மா. ஆனை வந்துச்சு, ஓடினேன். கையில எது இருந்துச்சோ அது வந்துச்சு."

சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் இல்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க சார்?"

"அன்னிக்கே. சில்லக் கையில எடுத்ததும்."

"பத்து நாளு." விரலை மடக்கி எண்ணவில்லை, எண்ணியதுபோலச் சொன்னாள். "முப்பத்தேழு வருசத்துக்கு முன்னால ஆனைக்குப் பயந்து ஓடுனது சரிங்க. யாரா இருந்தாலும் ஓடுவாங்க. இந்தப் பத்து நாளு எதைப் பாத்துப் பயந்தீங்க? என்னையுங்களா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், ஆனால் அது பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயம் இல்லை. அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் கிளம்பலாமா கூடாதா என்று தெரியாமல் பையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்தக் கல்லால் அடித்தீர்கள், எத்தனை அடி, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தீர்கள், எவ்வளவு நேரம். சாட்சியை விசாரிப்பது போலக் கேட்டாள். சொல்லச் சொல்ல எழுதினாள். பிறகு இன்னொரு டிரேயை இழுத்தாள். அதே கரையில், வண்டலுக்குக் கீழே சரளைக்குள் கிடைத்த ஒன்பது கல். அவற்றை நான் முதல் நாள் சரியாகப் பார்க்கவேயில்லை. தோல் பழுத்து, விளிம்பு மழுங்கி, நிறமே மாறியிருந்தது. எந்தக் கையாலும் நேற்று செய்ய முடியாத பழசு.

"இது உங்களுது இல்லைங்களே சார்?"

"இல்லம்மா. இது அசல்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

ஒன்பதையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. என் இத்தனை வருஷ அனுபவத்துக்கு அந்த ஒரு மணி நேரத்தில் யாராவது பரீட்சை வைத்திருந்தால் அது அவள்தான். அசல்தான் என்று மறுபடி சொன்னேன். அவள் கட்டுரையின் தலைப்பை அடித்தாள். எதிர்காலச் சிந்தனை பற்றிய பக்கங்களை அடித்தாள். பேனா காகிதத்தைக் கிழித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கடைசியில் ஒன்பது கல்லும் இரண்டரைப் பக்கமும் மிஞ்சின. அதோடு என்னைப் பற்றி ஒரு பக்கம் சேர்த்தாள்: புதிதாக உடைத்த சில்லுகள் எப்படி நம்மை ஏமாற்றும் என்று. அந்தச் சின்னக் கட்டுரை வெளிவந்தது, அவள் வேலையும் நிலைத்தது. அன்று அந்த மேசை முன்னால் இருந்தபோது அது எங்கள் இருவருக்கும் தெரியாது.

"வேற எங்கெல்லாம் ஒடச்சீங்க சார்?"

வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாள். ஏழு இடத்தில் புள்ளி வைத்தேன். ஆறில் பொத்தான் போட்டது நிச்சயம். ஏழாவதில் போட்டேனா இல்லையா, இதை எழுதும் இந்த நிமிஷம்வரை எனக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த வரைபடம் துறையில் மாட்டியிருக்கிறது, போய்ப் பாருங்கள். அந்த ஏழாவது புள்ளிக்குப் பக்கத்தில் உங்களில் யாருக்காவது கை வெட்டுகிற மாதிரி சில்லுகள் கிடைத்தால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் விளிம்பில் இரட்டைப் பிறை இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் உடைத்தால் பொத்தான் போடுங்கள். மறந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்ளலாம். நான் எழுத நினைத்த புத்திமதி இவ்வளவுதான்.

கிளம்ப எழுந்தேன். பழக்கத்தில் கருக்கல்லை எடுக்கக் கை போயிற்று. ஜெசிந்தா டிரேயை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது இங்கியே இருக்கட்டுங்க சார். சேத்துத்தான் வெக்கோணும்."

பதினைந்து துண்டையும் ஒரு பையில் போட்டு, ஒரு லேபிள் எடுத்தாள். இடம் எழுதினாள். மண்ணடுக்கு எழுதினாள். காலம் என்ற கட்டத்தில், நான் சொன்ன வருஷத்தை எழுதினாள். 'செய்தவர்' வந்தது. பேனா ஒரு நொடி நின்றது.

"இந்தக் கட்டத்த நான் இதுவரைக்கும் ரொப்புனதே இல்லீங்க" என்றாள். என் பெயரைத் தலைப்பெழுத்தோடு முழுசாக எழுதி, லேபிளை என் பக்கம் திருப்பினாள். "சரியான்னு பாருங்க."

சரியாக இருந்தது. என் சட்டையின் வலது கைப்பொத்தானைப் பிடித்து இழுத்தேன். நூல் கொஞ்சம் முரண்டு பிடித்தது, இன்னொரு இழுப்பில் வந்துவிட்டது. கற்கள் இருந்த பைக்குள் போட்டேன்.

"இப்ப எதுக்குங்க சார் அது? அதான் பேரே எழுதியாச்சே?"

"போட்டேன்னு ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தேன்மா" என்றேன்.